தெற்கு வானை வரைந்த சர் ஜான் ஹெர்ஷல்

யுரேனஸ் என்னும் கோளை 1781ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்பதை நாம் கீழ் வகுப்பிலேயே படித்து விடுகிறோம். அவருக்கு ஒரே ஒரு மகன் இருந்தார் என்பதும், அந்த மகன் தந்தையார் விட்டுச் சென்ற வேலையை முடிப்பதற்காக மனைவி மக்களோடு ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குக் கப்பலேறினார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தாம் சர் ஜான் ஹெர்ஷல். தெற்கு வானில் அவர் கண்டு, தம் கையாலேயே வரைந்து வைத்த ஒரு விசித்திரமான ஒளிமுகில் உண்மையில் இன்னது என்பது, அவர் மறைந்து எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியத் தொடங்கியது. அந்த ஒளிமுகிலின் கதையும் அவருடைய வாழ்க்கைக் கதையும் பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

இங்கிலாந்தில் ஸ்லௌ என்னும் ஊரில் 1792ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் ஜான் பிறந்தார். அப்போது தந்தைக்கு வயது ஐம்பத்து மூன்று. வீட்டுத் தோட்டத்தில் 40 அடி நீளமுள்ள மாபெரும் தொலைநோக்கி ஒன்று மரச்சட்டங்களின் நடுவே கோபுரம் போல் நின்றது. அதன் நிழலில்தான் குழந்தை விளையாடியது. பகலில் தந்தை உறங்குவார், இரவில் விழித்திருப்பார். ஆகவே வீட்டில் சத்தம் போடக் கூடாது! உடன்பிறந்தோரும் இல்லாத அந்தச் சிறுவனுக்குத் துணையாக இருந்தவர் அத்தை கரோலின்.

கரோலின் அம்மையாரைப் பற்றி இங்கே சிறிது சொல்லியே ஆக வேண்டும். இளம் வயதில் கண்ட கடுங்காய்ச்சலால் அவர் நான்கடிக்குச் சற்று மேல் வளரவேயில்லை. மணமாகி வீட்டைவிட்டுப் போக மாட்டாள், வேலைக்கு ஆவாள் என்று வீட்டார் எண்ணிய அந்தப் பெண், அண்ணன் அருகே இரவெல்லாம் அமர்ந்து அவர் காண்பதையெல்லாம் குறித்தெழுதினார். தாமாகவே எட்டு வால்மீன்களையும் கண்டறிந்தார். சின்னஞ்சிறு மருமகனின் இரசாயனச் சோதனைகளுக்குச் சலிக்காமல் இடம் கொடுத்தவரும் இவரே.

ஜான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1813இல் முதல் மாணவராகத் தேறினார். கொஞ்ச நாள் சட்டம் படித்தார்; இரசாயனத்தில் மனம் ஊன்றினார். ஆனால் 1816இல், இருபத்து நான்காம் வயதில், கேம்பிரிட்ஜை விட்டு வீடு திரும்பினார். தந்தைக்கு வயது எழுபத்தெட்டை நெருங்கிவிட்டது. தொலைநோக்கியின் ஏணியில் ஏற அவரால் முடியவில்லை. விருப்பத்தோடு திரும்பினார் என்று சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜைப் பிரிய அவர் மிகவும் வருந்தினார். வானியல் அவர் தேடிப் போன துறையன்று; குடும்பக் கடமையாக வந்து சேர்ந்தது என்பதே நம் எண்ணம்.

வீடு திரும்பிய பின்னும் இரசாயனத்தை அவர் கைவிடவில்லை. ஹைப்போ என்று புகைப்படக்காரர்கள் அழைக்கும் உப்பு இருக்கிறதல்லவா? அந்த உப்பின் கரைசலில் வெள்ளியின் உப்புகள் சர்க்கரை போல் கரைந்து போவதை 1819இல் அவர் கண்டறிந்து எழுதி வைத்தார். அதனால் என்ன பயன் என்று அன்று எவருக்கும் தெரியாது. நாம் இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

தந்தையின் துணையோடு 1820இல் ஜான் 20 அடி நீளமுள்ள ஒரு தொலைநோக்கியைச் செய்து முடித்தார். அதன் ஆடி 18¼ அங்குல அகலம். அந்நாளில் ஆடியைக் கண்ணாடியில் செய்வதில்லை. செம்பும் வெள்ளீயமும் சேர்த்து வார்த்த உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்தே பளபளப்பாக்குவார்கள். 1822இல் தந்தை காலமானார். கரோலின் மனமுடைந்து தம் பிறந்த ஊராகிய ஜெர்மனியின் ஹனோவருக்குத் திரும்பிவிட்டார். அங்கே சும்மா இருந்தாரா? அண்ணன் கண்டறிந்த 2,500 ஒளிமுகில்களையும், மருமகன் ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடிப் பார்க்க வசதியாக, வரிசை மாற்றி எழுதி அனுப்பினார். அந்த வேலைக்காக 1828இல் இலண்டன் வானியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஜான் எட்டு ஆண்டுகள் வடக்கு வானைத் துருவினார். தந்தை கண்டவற்றைச் சரிபார்த்ததோடு ஐந்நூறுக்கு மேற்பட்ட புதியவற்றையும் சேர்த்து, 1833இல் வெளியிட்டார்.

ஆனால் அது பாதி வானந்தான். பூமி உருண்டை அல்லவா? இங்கிலாந்திலிருந்து பார்ப்பவருக்குத் தெற்கு வானின் பெரும்பகுதி ஒருநாளும் தொடுவானத்துக்கு மேல் வராது. 1832இல் தாயார் காலமான பின் அவரைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. பயணத்துக்கு உதவ முன்வந்தவர்கள் இருந்தும், யாருடைய தயவையும் ஏற்காமல் தம் சொந்தப் பணத்திலேயே செல்வதென்று முடிவு செய்தார். மனைவி மார்கரெட், மூன்று சிறு குழந்தைகள், 20 அடித் தொலைநோக்கி ஆகியவற்றோடு 1833 நவம்பரில் கப்பலேறி, 1834 ஜனவரியில் நன்னம்பிக்கை முனையை அடைந்தார். கேப் டவுனுக்கு வெளியே, டேபிள் மலையின் அடிவாரத்தில், ஃபெல்டௌசன் என்னும் பண்ணை வீட்டில் தங்கினார். பழமரங்கள் நிறைந்த அந்தத் தோட்டத்தில் தொலைநோக்கி நிறுத்தப்பட்டது.

அங்கே அவர் செய்த வேலை இலேசானதன்று. தொலைநோக்கியின் வாய் மேலே இருக்கும். அதன் அருகே கட்டிய மேடையில் ஏறி நின்றுதான் பார்க்க வேண்டும். வானம் சுழலச் சுழலக் குழாயையும் ஆட்கள் நகர்த்த வேண்டும். அதற்கெனத் தச்சுவேலையும் இயந்திர வேலையும் தெரிந்த உதவியாளர் ஒருவரை இங்கிலாந்திலிருந்தே அழைத்துச் சென்றிருந்தார். கடற்காற்றில் உலோக ஆடி சில நாள்களிலேயே மங்கிவிடும். மூன்று ஆடிகளைக் கொண்டுபோயிருந்தார். ஒன்று தந்தை செய்தது. இரண்டாவது தந்தையின் கண்பார்வையில் ஜான் செய்தது. மூன்றாவது ஜான் தனியே செய்தது. ஒன்று மங்கினால் அடுத்ததை மாட்டுவார். மங்கியதைத் தாமே மெருகேற்றுவார். நான்கு ஆண்டுகள் இப்படியே நடந்தது!

இனி அந்த ஒளிமுகிலுக்கு வருவோம். சென்டாரஸ் என்னும் விண்மீன் குழுவில் அது இருக்கிறது. அதை முதலில் கண்டவர் ஜேம்ஸ் டன்லப் என்பவர். ஆஸ்திரேலியாவில் பரமட்டா என்னுமிடத்திலிருந்து 1826இல் கண்டார். தெற்கு வானில் 629 பொருள்களை அவர் பட்டியலிட்டிருந்தார். அப்பட்டியலை நம்பித் தேடிய ஹெர்ஷலுக்கு மூன்றில் ஒரு பங்குதான் அகப்பட்டது! மற்றவை காணவில்லை என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆனால் இந்த ஒன்று இருந்த இடத்திலேயே இருந்தது. அதுவும் எப்படி? உருண்டையான ஒளித்திரள் ஒன்றைக் கத்தியால் நடுவே பிளந்தாற் போல, குறுக்கே அகலமான கரும்பட்டை ஒன்று ஓடியது. இரு பக்கமும் அரைவட்டமாக ஒளி, இடையே இருள், அந்த இருளுக்குள்ளும் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று.

தந்தையும் மகனுமாக அதுவரை பார்த்த ஆயிரக்கணக்கான ஒளிமுகில்களுள் இப்படி ஒன்று இல்லை. இரண்டு தனித்தனி முகில்கள் அருகருகே நிற்கின்றனவா? ஒன்றே இரண்டாயிற்றா? இருள் என்பது வெற்றிடமா? ஹெர்ஷல் கற்பனைக்கு இடம் கொடுக்கவில்லை. கண்டதை மட்டும் வரைந்தார். மங்கலான ஒளியைப் பார்க்கும் கண்ணுக்கு விளக்கு வெளிச்சம் பகை. தாளில் வரையவோ வெளிச்சம் வேண்டும். பார்ப்பதும், நினைவில் நிறுத்துவதும், வந்து வரைவதும், மறுபடி போய்ச் சரிபார்ப்பதுமாக அந்தப் படங்கள் உருவாயின. அந்த மெல்லிய கீற்றைக்கூட அவர் விடவில்லை.

இதே நாள்களில் ஹனோவரிலிருந்து அத்தையின் கடிதம் வந்தது. விருச்சிக விண்மீன் குழுவில் ஓரிடத்தில் விண்மீனே இல்லாத வெறும் இருட்டைக் கண்டு தம் அண்ணன் திடுக்கிட்டு, வானில் உண்மையாகவே ஓட்டை இருக்கிறது என்று கூவியதை எண்பத்து நான்கு வயதிலும் அவர் மறக்கவில்லை. இங்கிலாந்தில் அந்த இடம் மிகத் தாழ்வாகவே எழும். தெற்கே அது தலைக்கு மேல் வருமல்லவா, அதை நன்றாகப் பார் என்று கேட்டிருந்தார். ஜானும் பார்த்து, அங்குள்ள அழகிய விண்மீன் கொத்துகளைப் பற்றி எழுதினார். அத்தைக்கு நிறைவில்லை. தாம் கேட்டது கொத்துகளை அன்று, அந்த இருட்டைப் பற்றி என்று பதில் எழுதினார்! இருட்டில் ஏதோ இருக்கிறது என்னும் ஐயம் அந்த முதிய மனத்தை விடவில்லை போலும்.

நன்னம்பிக்கை முனை வாழ்க்கை இரவுப் பணி மட்டுமன்று. பகலில் அவர் அந்நாட்டு மலர்களைக் கருவியின் உதவியால் துல்லியமாக வரைவார்; மார்கரெட் அம்மையார் வண்ணம் தீட்டுவார். இப்படி இருவரும் சேர்ந்து உருவாக்கிய மலர்ப் படங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. 1835இல் ஹேலி வால்மீனைப் பார்த்தார். 1836இல் சார்லஸ் டார்வின் அவர் வீட்டுக்கு வந்து விருந்துண்டார். 1837 டிசம்பரில் ஈட்டா கரீனே என்னும் விண்மீன் திடீரெனப் பேரொளி வீசியதைக் கண்டு குறித்தார். இதற்கிடையில் நியூயார்க் நாளேடு ஒன்று, ஹெர்ஷல் சந்திரனில் வௌவால் சிறகுடைய மனிதர்களைக் கண்டுவிட்டார் என்று 1835 ஆகஸ்டில் பொய்ச்செய்தி பரப்பியது. மக்கள் நம்பி வாங்கினார்களாம். பாவம், இவருக்குச் செய்தி எட்டியதே பல மாதங்கள் கழித்துத்தான்.

1838இல் ஆறு குழந்தைகளோடு குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. தெற்கு வானில் அவர் குறித்த ஒளிமுகில்களும் கொத்துகளும் 1,707. இரட்டை விண்மீன்கள் 2,102. தொலைநோக்கி நின்ற இடத்தில் நண்பர்கள் ஒரு கல்தூண் நாட்டினார்கள். இன்று அத்தூண் ஒரு தொடக்கப்பள்ளியின் வளாகத்துக்குள் நிற்கிறது.

ஊர் திரும்பி ஓராண்டுகூட ஆகவில்லை. பிரான்சில் டகேர் என்பவர் ஒளியைக் கொண்டே படம் எடுக்கிறார் என்ற செய்தி 1839 ஜனவரியில் வந்தது. செய்முறை எதுவும் வெளியாகவில்லை. ஹெர்ஷல் உட்கார்ந்து யோசித்தார். வெள்ளி உப்பு பூசிய தாள் ஒளி பட்டுக் கருக்கும், சரி. ஆனால் எடுத்த படத்தை வெளிச்சத்தில் காட்டினால் மிச்சமும் கருத்து எல்லாம் பாழாகுமே! மிஞ்சிய உப்பைக் கழுவி நீக்க வேண்டும். இருபதாண்டுகளுக்கு முன் எழுதி வைத்த ஹைப்போ நினைவுக்கு வந்தது. ஒரு வார காலத்துக்குள் நிலையான படத்தை எடுத்துவிட்டார். இங்கிலாந்தில் இதே முயற்சியில் இருந்த டால்பட் என்பவருக்கும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். போட்டோகிராபி என்னும் பெயரை அரச கழகத்தின் முன் 1839 மார்ச்சில் வைத்து உலக வழக்காக்கியவரும் அவரே. நெகட்டிவ், பாசிட்டிவ் என்று நாம் ஸ்டூடியோவில் சொல்லும் சொற்களைப் புகைப்படத்துக்குத் தந்தவரும் அவரே. 1842இல் அவர் கண்டுபிடித்த நீலப்பட முறைதான் பொறியாளர்களின் புளூபிரிண்ட். அதைக் கொண்டு அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி கடற்பாசிகளைப் படமெடுத்து 1843 முதல் நூலாக வெளியிட்டார். புகைப்படம் இடம்பெற்ற முதல் நூல் அதுவே.

1839 செப்டம்பரில் ஹெர்ஷல் கண்ணாடித் தகட்டில் ஒரு படம் எடுத்தார். எதை? தந்தையின் 40 அடித் தொலைநோக்கியை! மரச்சட்டங்கள் உளுத்துவிட்டதால் அதைப் பிரிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் கடைசி இரவில், கீழே இறக்கிய குழாயினுள் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, ஹெர்ஷல் எழுதிய பாட்டைப் பாடி அதற்கு விடைகொடுத்தார்கள். இரவு முழுதும் வானைப் பார்த்த அந்தக் குழாய்க்குள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பாடியதை எண்ணிப் பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, ஏதோ நெஞ்சையும் அடைக்கிறது.

ஒளிமுகில்களைத் தாளில் வரைந்து மாய்ந்த அதே மனிதர் கையில், அவற்றைப் படமெடுக்கும் வித்தையின் திறவுகோல் முன்பே இருந்தது அன்றோ? ஆனால் அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அந்நாளைய தகடுகள் வெயிலில் நிற்கும் பொருளைப் பிடிக்கவே நேரமெடுத்தன. ஒளிமுகில் எங்கே அகப்படும்? ஒரு ஒளிமுகிலின் முதல் புகைப்படத்தை அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் எடுத்தது 1880இல். ஹெர்ஷல் அப்போது உயிரோடில்லை.

தெற்கு வானைப் பற்றிய அவருடைய பெருநூல் 1847இல்தான் வெளியாயிற்று. கணக்குகள் அனைத்தையும் அவரே போட்டதால் ஒன்பது ஆண்டுகள் ஆயின. பிளந்த ஒளிமுகிலின் படமும் அதில் உண்டு. நூலின் படி ஹனோவரில் தொண்ணூற்றேழு வயது அத்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஜனவரியில் அவர் கண்மூடினார். வானம் முழுவதும், வடக்கும் தெற்கும், ஒரே குடும்பத்தால் பார்த்து முடிக்கப்பட்டதைக் கண்ட பிறகே சென்றார்.

பிற்காலத்தில் ஹெர்ஷல் அரசு நாணயச் சாலையின் தலைவராக ஐந்தாண்டுகள் இருந்தார். அந்தப் பதவி அவர் உடலையும் மனத்தையும் வருத்தியதுதான் மிச்சம். 1864இல் 5,079 பொருள்கள் அடங்கிய பொதுப் பட்டியலை வெளியிட்டார். அதை விரிவாக்கி டிரேயர் என்பவர் 1888இல் வெளியிட்ட பட்டியலில் நம் ஒளிமுகிலுக்கு 5128 என்னும் எண் கிடைத்தது. நரைத்த முடி சிலிர்த்து நிற்க நம்மை உற்றுப் பார்க்கும் ஹெர்ஷலின் முகத்தை நூல்களில் காண்கிறோமே, அதை 1867இல் படமெடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார். கல்கத்தாவில் பிறந்து இலங்கையில் 1879இல் மறைந்த அவர், ஹெர்ஷலை முதலில் சந்தித்தது நன்னம்பிக்கை முனையில்தான். 1871 மே 11ஆம் நாள் ஹெர்ஷல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் போன பின் புகைப்படம் வளர்ந்தது. நம் கண் ஒரு நொடிக்குள் வந்த ஒளியை மட்டுமே அறியும். எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் கூடுதலாக ஒன்றும் தெரியாது. தகடோ மணிக்கணக்கில் ஒளியைச் சேமித்துக்கொண்டே இருக்கும், குடத்தில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் நிறைவதுபோல. பர்னார்டு என்பவர் வானின் இருண்ட திட்டுகளைப் படமெடுத்து 1919இல் பட்டியலிட்டார். அவை ஓட்டைகள் அல்ல. பின்னாலுள்ள விண்மீன்களை மறைக்கும் தூசிப்படலங்கள் என்பது மெல்லத் தெளிவாயிற்று. அத்தையின் ஐயம் சரியானதே!

அந்தப் பிளந்த முகிலின் கரும்பட்டையும் தூசியே. ஆனால் அது நம் பால்வீதியின் தூசியன்று. அந்த ஒளிமுகில் சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனியொரு விண்மீன் மண்டலம். 1949இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வானத்திலிருந்து வரும் வலிமையான வானொலி அலைகளுள் ஒன்று இங்கிருந்தே வருவதாகக் கண்டார்கள். சென்டாரஸ் ஏ என்னும் பெயர் அதனால் வந்தது. 1954இல் பாடே, மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் புகைப்படங்களை ஆராய்ந்து, இது ஒரு மண்டலமன்று, மோதிக்கொண்ட இரண்டு என்றார்கள். இன்று அந்தக் கருத்து மேலும் தெளிவாகியிருக்கிறது. பெரிய நீள்வட்ட மண்டலத்துக்குள் தூசியும் வாயுவும் நிறைந்த வேறொரு மண்டலம் விழுந்து கலந்துவிட்டது. விழுந்ததன் தூசிதான் குறுக்கே கரும்பட்டையாகத் தெரிகிறது. 1983இல் டேவிட் மாலின் தகடுகளின் மிக மங்கலான ஒளியை வெளிக்கொணரும் முறையால், மண்டலத்தைச் சுற்றிலும் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்கான ஒளி ஓடுகள் இருப்பதைக் காட்டினார். சேர்க்கையின்போது சிதறிய விண்மீன்கள் அவை. நடுவிலே சூரியனைப்போல் ஐந்து கோடி மடங்குக்கு மேல் நிறையுள்ள கருந்துளை இருக்கிறது.

ஆகவே ஹெர்ஷல் பிளவு என்று வரைந்தது பிளவே அன்று. இரண்டு ஒன்றான அடையாளம். அவர் கைப்படத்தை இன்றைய புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தால் பட்டையும், அதன் நடுக் கீற்றும் அடையாளம் தெரிகின்றன.

தகடும் பெரிய கூடமும் வந்துவிட்டதால் கண்ணால் பார்ப்போர்க்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்னும் திருச்சபைப் போதகர் 1986 மே மாதத்தில் தம் சொந்தத் தொலைநோக்கியால், அந்தக் கரும்பட்டைக்குள் ஒரு விண்மீன் வெடித்து ஒளிர்வதைக் கண்டறிந்தார்.

இங்கிலாந்திலிருந்து ஒருபோதும் காண முடியாத அந்த மண்டலம் நம் ஊர் வானில் எழுகிறது. முழுத்தேர்வு முடியும் ஏப்ரல், மே மாதங்களில், நிலவில்லாத இரவில், தெற்கே திரிசங்கு விண்மீன்கள் நிமிர்ந்து நிற்கும் நேரம் பார்த்து, அவற்றுக்கு மேலே சற்று இடப்பக்கமாகத் தேட வேண்டும். தெருவிளக்கில்லாத கிராமமாயின் இருகண் நோக்கியிலேயே மங்கிய புள்ளியாகத் தெரியும். கரும்பட்டையைக் காண எட்டு அங்குலத் தொலைநோக்கியேனும் வேண்டும். அந்த நடுக்கீற்று மட்டும் அவ்வளவு எளிதில் அகப்படாது.